வர்க்கமூலம் எங்கே தடுக்குகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எட்டாம் வகுப்பில் வர்க்கமூலமும் ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண்களும், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண்களும், பாடமாக வருகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓராண்டு கடந்துவிடுவதால், முதற்பாடத்தில் தங்கிப்போன பிழை அடுத்த பாடத்தில் வேறோர் உருவத்தில் தலைகாட்டுகிறது. √2 ஏன் விகிதமுறா எண் என்பது விளங்கவில்லை என்று சொல்லும் மாணவருக்கு, √2 என்பது ஓர் எண் என்பதே பெரும்பாலும் விளங்கியிருப்பதில்லை. மூலக்குறியை அவர் "கண்டுபிடி" என்னும் கட்டளையாகப் படிக்கிறார். √49 என்றால் 7 என்று விடை வந்துவிடுகிறது. √2 என்றால் எழுத ஒன்றும் வரவில்லை. ஆகவே கணக்கு பாதியில் நிற்கிறது என்று எண்ணிக்கொள்கிறார். கீழே உள்ள பிழைகளில் பல இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. வந்த விடையை அதே விடையால் பெருக்கி, மூலக்குறிக்குள் இருந்த எண் திரும்பக் கிடைக்கிறதா என்று மாணவரையே பார்க்கச் சொல்ல வேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ "தவறு" என்று சொல்வதற்கு முன்பே மாணவரின் கை இந்தப் பெருக்கலைச் செய்யப் பழகியிருந்தால், பாதிப் பிழைகள் தாமாகவே விலகிவிடும்.

அறிகுறி: √16 = 8 என்று எழுதுகிறார்

மூலம் எடுப்பதைப் பாதியாக்குவது என்று புரிந்துகொண்டதன் விளைவு இது. இந்தப் புரிதல் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பாடத்தின் முதல் எடுத்துக்காட்டாகப் பலரும் எழுதிக்காட்டும் √4 = 2 என்பதில் போய் முடியும். நான்கில் பாதியும் இரண்டு, நான்கின் வர்க்கமூலமும் இரண்டு. பார்க்கும் மாணவர் எதை எடுத்துக்கொள்வார் என்பது நம் கையில் இல்லை. ஆகவே முதல் எடுத்துக்காட்டாக 4ஐத் தவிர்த்து, 9 அல்லது 25இல் தொடங்குவது நல்லது.

பிழை ஏற்கெனவே படிந்துவிட்டிருந்தால், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 16 கட்டங்களைச் சதுரமாக அடைக்கச் சொல்லி, அதன் ஒரு பக்கத்தை எண்ணச் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் 10 கட்டங்களையும் அவ்வாறே அடைக்கச் சொல்ல வேண்டும். ஒன்பது கட்டங்கள் சதுரமாகிவிடும்; ஒன்று மிஞ்சும். அந்த மிச்சத்தையும் நறுக்கிச் சேர்த்துச் சதுரமாக்கினால் பக்கம் 3ஐவிடச் சற்றுக் கூடுதலாகவும் 4ஐ எட்டாமலும் இருக்கும் என்பதை மாணவர் கண்ணால் காண்கிறார். 3.1 × 3.1 = 9.61 என்றும் 3.2 × 3.2 = 10.24 என்றும் பெருக்கிப் பார்த்தால், √10 எங்கே இருக்கிறது என்பது மேலும் நெருங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பில் தேவைப்படும் கருத்துக்கு இப்போதே இடம் போட்டாயிற்று.

அறிகுறி: √0.9 = 0.3 என்றும் √2.5 = 0.5 என்றும் வருகிறது

முழு எண்களில் தடுமாறாத மாணவர்கூடப் புள்ளி வந்ததும் இவ்வாறு எழுதுவதுண்டு. 0.3ஐ 0.3ஆல் பெருக்கினால் 0.09தான் கிடைக்கும் என்பதைச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏன் அப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும்: ஓர் எண்ணில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் இருந்தால் அதன் வர்க்கத்தில் இரண்டு இலக்கங்கள் வரும். எனவே நீள்வகுத்தல் முறையில் இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரிக்கும்போது புள்ளியிலிருந்து தொடங்கி, முழு எண் பகுதியை இடப்பக்கமாகவும் தசமப் பகுதியை வலப்பக்கமாகவும் பிரிக்க வேண்டும். கடைசியில் ஒற்றை இலக்கம் நின்றால் ஒரு பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

√2.5 கணக்கில் பிரிவுகள் 2, 50, 00 என்று அமையும். முதற்பிரிவில் 1 × 1 போக மீதி 1. அடுத்த பிரிவை இறக்கினால் 150; ஈவை இரட்டித்தால் வரும் 2இன் பக்கத்தில் 5 சேர்த்து 25 × 5 = 125, மீதி 25. அடுத்து 2500; 15ஐ இரட்டித்த 30இன் பக்கத்தில் 8 சேர்த்து 308 × 8 = 2464. ஆக விடை 1.58 என்று தொடங்குகிறது, 1.58இன் வர்க்கம் 2.4964. மாணவர் 25ஐ ஒரே பிரிவாக எடுத்திருந்தால் 5 வந்திருக்கும், அதன்பின் புள்ளியை எங்கே வைப்பது என்ற ஊகம் தொடங்கியிருக்கும். இந்த வகைப் பிழையில் ஊகம் எப்போதும் தவறான இடத்தில்தான் புள்ளி வைக்கிறது.

இன்னொரு தடுப்பும் உண்டு. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணின் வர்க்கமூலம் அந்த எண்ணைவிடப் பெரியதாகவே இருக்கும், √0.9 ஏறத்தாழ 0.9487. மூலம் எடுத்தால் எண் சிறுத்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மாணவருக்கு இந்த விடை தவறாகவே தோன்றும்.

அறிகுறி: √(9 + 16) = 3 + 4 = 7

இதே பிழையின் மறுமுகம்தான் √2 + √3 = √5 என்பது. √(9 × 16) = 3 × 4 என்பது சரியாக இருப்பதால், பெருக்கலுக்குச் செல்லும் விதியைக் கூட்டலுக்கும் மாணவர் நீட்டிவிடுகிறார். விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, பக்கம் 7 கொண்ட சதுரத்தை வரைந்து, அதன் ஒரு மூலையில் 3 × 3 சதுரத்தையும் எதிர்மூலையில் 4 × 4 சதுரத்தையும் நிழலிடச் சொல்வது பயன் தரும். நிழலிட்டது 25 கட்டங்கள், மொத்தம் 49. விடுபட்டவை 3 × 4 அளவுள்ள இரண்டு செவ்வகங்கள், அதாவது 24 கட்டங்கள். மாணவர் மறந்துவிடும் "இரண்டு மடங்கு பெருக்கற்பலன்" அதுதான்.

பிதாகரஸ் தேற்றக் கணக்குகளில் கர்ணத்தின் நீளம் மற்ற இரு பக்கங்களின் கூடுதலுக்குச் சமமாக வந்தால், இந்தப் பிழை நுழைந்துவிட்டது என்று அறியலாம். அப்படி ஒரு முக்கோணம் வரையவே முடியாது.

√8 + √2 = √10 என்று எழுதுபவருக்கு √8ஐ 2√2 என்று பிரித்துக்காட்டினால், இரண்டும் ஒன்றும் சேர்ந்து 3√2 ஆவது விளங்கும். √2ஐ ஓர் எண்ணாகக் கருதி "இரண்டு √2, ஒரு √2" என்று எண்ணத் தொடங்கும் மாணவர், கட்டளையாகப் படிப்பதை விட்டுவிட்டார் என்று பொருள்.

அறிகுறி: √16 = ±4 என்று எழுதுகிறார்

இது சிறிய பிழை, விரைவில் சரியாகும். வர்க்கம் 16 ஆகும் எண்கள் யாவை என்று கேட்டால் 4, −4 என இரண்டு. √16 என்று எழுதினால் அவற்றுள் மிகை எண்ணாகிய 4ஐ மட்டுமே குறிப்பது மரபு. குறை எண் வேண்டுமானால் −√16 என்று எழுத வேண்டும். ஒரே குறி இரண்டு எண்களைக் குறிக்குமானால், √16 + √9 என்பதற்கு நான்கு விடைகள் வந்து நிற்கும் என்று ஒருமுறை எழுதிக்காட்டினால் போதும்.

அறிகுறி: "கால்குலேட்டரில் √2 = 1.4142135 என்று முடிந்துவிடுகிறதே"

மேலே சொன்னவை கைப்பிழைகள். இது கருத்துப்பிழை, இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கால்குலேட்டர் எட்டு இலக்கங்களோடு நிற்பது திரையில் இடம் முடிந்ததால் என்று சொன்னால் மாணவர் தலையாட்டுவார், நம்பியிருக்கமாட்டார். கருவியின் விடையை அவரே உடைக்கும்படி செய்ய வேண்டும்.

திரையை அழித்துவிட்டு 1.4142135ஐப் புதிதாகத் தட்டச்சு செய்து, அதையே அதனால் பெருக்கச் சொல்லுங்கள். 1.9999998 என்று வரும். கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி 1.4142136 என்று போட்டால் 2.0000001 வரும். இடையில் இன்னும் ஓர் இலக்கம் சேர்த்தால் சரியாக 2 வந்துவிடாதா என்று மாணவர் கேட்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. அப்போது கடைசி இலக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். முடிவுறும் தசமத்தின் கடைசி இலக்கம் 1 முதல் 9 வரை ஏதேனும் ஒன்றாக இருக்கும். பூச்சியமாக இருந்தால் அதை எழுதவே தேவையில்லை. அந்த இலக்கத்தை வர்க்கப்படுத்தினால் கடைசியில் வருவது முறையே 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1. இந்த ஒன்பதில் பூச்சியம் ஒருமுறைகூட இல்லை. எனவே புள்ளிக்குப் பின் இலக்கம் உள்ள எந்த முடிவுறு தசமத்தை வர்க்கப்படுத்தினாலும் புள்ளிக்குப் பின் இலக்கம் மிஞ்சியே தீரும். அது 2 என்னும் முழு எண்ணாக ஒருபோதும் ஆகாது. கோடி இலக்கங்கள் எழுதினாலும் இதே கதைதான். எட்டாம் வகுப்பு மாணவரே பத்து நிமிடத்தில் செய்துமுடிக்கக்கூடிய இந்த நிரூபணத்தை, எல்லாப் பாடத்திலும் முதலிடத்தில் வைக்கலாம் என்பது என் கருத்து.

அறிகுறி: "தசமமாக வராவிட்டால் என்ன, ஏதாவது ஒரு பெரிய பின்னமாக வரலாமே"

நியாயமான கேள்வி. மேலே உள்ள நிரூபணம் முடிவுறும் தசமங்களை மட்டுமே விலக்கியது. 1/3 போன்ற சுழல்தசமங்களை அது தொடவில்லை. மாணவரைத் தேடவிடுவதே இங்கு வழி. 3/2இல் தொடங்கி, தொகுதியோடு பகுதியின் இருமடங்கைக் கூட்டினால் புதிய தொகுதி, தொகுதியையும் பகுதியையும் கூட்டினால் புதிய பகுதி என்று எழுதிக்கொண்டே போனால் 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408 என்று வரும். பின்னம் √2க்குச் சமமானால் தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப்போல் இருமடங்காக இருக்க வேண்டும்; ஆகவே ஒவ்வொன்றிலும் இவ்விரண்டையும் ஒப்பிட வேண்டும்: 49க்கு 50, 289க்கு 288, 1681க்கு 1682, 9801க்கு 9800. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றால் தப்பிப்போகிறது.

இந்த வரிசையில் வரும் 577/408 புதிய எண் அன்று. வேள்வி மேடைகளை அளந்து அமைப்பதற்கான பௌதாயன சுல்ப சூத்திரம் சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தரும் அளவு, ஒன்றோடு மூன்றில் ஒரு பங்கையும், அந்த மூன்றிலொன்றின் நான்கில் ஒரு பங்கையும் கூட்டி, பின்னதில் முப்பத்துநான்கில் ஒரு பங்கைக் குறைப்பது. கணக்கிட்டால் 577/408 வரும். 577இன் வர்க்கம் 332929; 408இன் வர்க்கத்தைப்போல் இருமடங்கு 332928. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலும், சதுரமும் மூலைவிட்டங்களும் வரையப்பட்டு, அறுபதை அடியாகக் கொண்ட எண்முறையில் 1, 24, 51, 10 என்ற மதிப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் ஐந்து தசம இடங்கள் வரை சரியானது. இவ்வளவு நெருங்கியும் அந்த ஒன்று ஏன் விடாமல் நிற்கிறது?

பகாக் காரணிகளை எண்ணினால் விடை கிடைக்கும். 12 = 2 × 2 × 3; அதன் வர்க்கமாகிய 144இல் 2 என்னும் காரணி நான்கு முறை வருகிறது. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் ஒவ்வொரு காரணியும் இரட்டிப்பதால், வர்க்க எண்ணில் 2 வரும் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும். வராமல் போனால் அந்த எண்ணிக்கை பூச்சியம், அதுவும் இரட்டைப்படையே. அந்த வர்க்கத்தை 2ஆல் பெருக்கினால் ஒரு 2 கூடி எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும். ஆகவே தொகுதியின் வர்க்கத்தில் இரட்டைப்படை, பகுதியின் வர்க்கத்தைப்போல் இருமடங்கில் ஒற்றைப்படை. இவை இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வழியில்லை. பின்னம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

அறிகுறி: நிரூபணத்தை வரி பிசகாமல் எழுதுகிறார், ஆனால் புரியவில்லை

பாடநூல்களில் வழக்கமாக வரும் நிரூபணம், தொகுதியின் வர்க்கம் 2ஆல் வகுபட்டால் தொகுதியும் 2ஆல் வகுபடும் என்ற வரியில் நிற்பது. அது புரியாமல் எழுதப்படுவதைக் கண்டறிவது எளிது. "இதே முறையில் √4 விகிதமுறா எண் என்று நிரூபி" என்று கேட்க வேண்டும். மனப்பாடம் செய்தவர் 2 இருந்த இடங்களிலெல்லாம் 4ஐப் போட்டு நிரூபித்தே விடுவார். √4 = 2 என்று நினைவூட்டினால் திகைப்பார். "தொகுதியின் வர்க்கம் 4ஆல் வகுபடுகிறது, எனவே தொகுதியும் 4ஆல் வகுபடும்" என்று அவர் எழுதிய வரிதான் பழுது. 36 நான்கால் வகுபடும், 6 வகுபடாது. பகா எண்ணாகிய 2க்கு அந்த வரி பொருந்தும், 4க்குப் பொருந்தாது. காரணி எண்ணும் முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: வர்க்கத்தை 4ஆல் பெருக்கினால் இரண்டு 2கள் கூடுகின்றன, இரட்டைப்படை இரட்டைப்படையாகவே இருக்கிறது, முரண்பாடு எதுவும் எழவில்லை.

அறிகுறி: விகிதமுறு, விகிதமுறா எண்களை வகைப்படுத்தச் சொன்னால் மாற்றி எழுதுகிறார்

இதில் ஒன்றல்ல, பல பிழைகள் கலந்திருக்கும். மாணவர் எதை மாற்றி எழுதினார் என்று பார்த்தே மருந்து சொல்ல வேண்டும்.

√36, √1.44, √(9/4) ஆகியவற்றை விகிதமுறா எண் என்று எழுதினால், மூலக்குறியைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதுகிறார் என்று பொருள். அவை 6, 1.2, 3/2 என்பதை முதலில் சுருக்கிப் பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும்.

1/17ஐ விகிதமுறா எண் என்று எழுதினால், கால்குலேட்டரில் 0.0588235 என்று வந்ததில் சுழற்சி தெரியவில்லை என்று காரணம் சொல்வார். கையால் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 1 முதல் 16 வரை மட்டுமே. ஆகவே பதினேழாவது படிக்குள் ஏதேனும் ஒரு மீதி மறுபடி வந்தே தீரும், வந்த இடத்திலிருந்து ஈவு திரும்பத் தொடங்கும். 1/17இல் 0588235294117647 என்னும் பதினாறு இலக்கங்கள் சுழல்கின்றன. திரையில் அதன் பாதிகூடத் தெரியவில்லை. பின்னமாக எழுதப்பட்ட எண்ணுக்குத் தசமத்தைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.

இதற்கு நேர்மாறாக 0.101001000100001... என்பதை விகிதமுறு எண் என்று எழுதுவோரும் உண்டு. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறதே என்பார்கள். ஒழுங்கு இருப்பது உண்மை. ஆனால் பூச்சியங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதால், ஒரே இலக்கத்தொகுதி மாறாமல் மீண்டும் மீண்டும் வரவில்லை. சுழல்தன்மை என்பது அதைத்தான் கேட்கிறது.

பையின் மதிப்பு 22/7, ஆகவே அது விகிதமுறு எண் என்பது வகுப்புதோறும் வரும் விடை. 22/7 = 3.142857..., பை = 3.141592...; மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 22/7, 3.14 இரண்டும் கணக்குப் போடுவதற்கான தோராயங்கள். பை விகிதமுறா எண் என்பதை 1761இல் கணிதவியலாளர் லாம்பெர்ட் நிரூபித்தார். அந்த நிரூபணம் பள்ளிப் பாடத்துக்கு அப்பாற்பட்டது என்பதை மாணவரிடம் மறைக்கத் தேவையில்லை.

அறிகுறி: "முடிவில்லாமல் போகும் எண்ணை எண்கோட்டில் எப்படிக் குறிப்பது?"

இலக்கங்கள் முடியாததால் எண்ணும் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று மாணவர் எண்ணுகிறார். இதற்கு இரண்டு ஏ4 தாள்கள் போதும். ஒரு தாளின் குறுகிய ஓரம் நீண்ட ஓரத்தின்மேல் சரியாகப் படியும்படி ஒரு மூலையிலிருந்து மடிக்க வேண்டும். மடிப்புக்கோடு, 210 மில்லிமீட்டர் பக்கம் கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம். இன்னொரு தாளின் நீண்ட ஓரத்தை அந்த மடிப்பின்மேல் வைத்தால் இரண்டும் கண்ணுக்குச் சரியாகப் பொருந்தும். 210ஐ √2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 296.98; தாளின் நீளம் 297. அதாவது 297/210, சுருக்கினால் 99/70. முன்பு ஒன்றால் தப்பிய பின்னங்களுள் ஒன்று கடைத்தாளிலேயே இருக்கிறது.

மடிப்புக்கோடு வளர்வதும் இல்லை, நடுங்குவதும் இல்லை. அதே கோட்டை, பக்கம் 1 அலகு கொண்ட சதுரத்தின் மூலைவிட்டமாக எண்கோட்டில் வரைந்து, கவராயத்தின் முனையைப் பூச்சியத்தில் வைத்து வில் வெட்டினால், வெட்டும் புள்ளி √2. முடியாமல் போவது அந்தப் புள்ளியைத் தசமத்தில் எழுதும் நம் முயற்சி மட்டுமே. 1.4க்கும் 1.5க்கும் நடுவே, 1.41க்கும் 1.42க்கும் நடுவே, 1.414க்கும் 1.415க்கும் நடுவே என்று ஒவ்வோர் இலக்கமும் அதே புள்ளியைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பத்திலொன்றாகக் குறுக்குகிறது. √2இலிருந்து செங்குத்தாக 1 அலகு எழுப்பினால் கர்ணம் √3. அதற்கடுத்து √4 வந்து 2இன்மேல் சரியாக விழுவதை மாணவர் கவராயத்தால் காணும்போது, √2, √3, 2 மூன்றும் ஒரே கோட்டில் சமமாக அமர்ந்த எண்கள் என்பது தனியே சொல்லாமலே பிடிபடும்.

அறிகுறி: விகிதமுறா எண்களைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விகிதமுறா எண்தான் வரும் என்கிறார்

√2 × √8 = 4; 2 + √3, 2 − √3 இவற்றின் கூடுதல் 4, பெருக்கற்பலன் 1. விகிதமுறு எண்ணோடு விகிதமுறா எண்ணைக் கூட்டினாலோ விடை எப்போதும் விகிதமுறா எண். பகுதியில் மூலக்குறி உள்ள கணக்குகளில் தொகுதியைப் பெருக்க மறந்துவிடும் மாணவருக்கும் இந்த இணையே உதவும்: 1/(2 + √3) என்பதற்கு அவர் 1 என்று விடை எழுதியிருந்தால், 2 + √3 ஏறத்தாழ 3.732 என்று போட்டு 1ஐ அதனால் வகுக்கச் சொல்லுங்கள். 0.268 வரும், அது 2 − √3.